சேர்க்கைக்குப் பணமா, படிப்புக்குப் பணமா? ஆஸ்திரேலியத் தொழிற்கல்வி கண்ட நான்கு வழிகள்

மெல்பன் டான்டினாங்கில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படிக்க வேண்டும் என்று இரண்டு விளம்பரத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒன்று அரசின் டேஃப் கல்லூரி: கட்டணம் இல்லை, ஆனால் அடுத்த வகுப்பு தொடங்கச் சில மாதம் காத்திருக்க வேண்டும். மற்றது ரயில் நிலையத்துக்கு எதிரே, கடைக்கு மேல் மாடியில் இருக்கும் தனியார் கல்லூரி: கட்டணம் உண்டு, வரும் திங்களே சேரலாம், வாரம் இரண்டு நாள் வந்தால் போதும். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "தம்பி, ரெண்டும் ஒரே சேர்ட்டிபிக்கேட்தானே? பிறகு ஏன் யோசிக்கோணும்?"

சிக்கலே அங்கேதான். இரண்டு இடத்திலும் கிடைப்பது ஒரே பெயர், ஒரே குறியீட்டு எண் கொண்ட தேசியச் சான்றிதழ். தாளைப் பார்த்து எது உழைத்து வாங்கியது, எது உட்கார்ந்து வாங்கியது என்று சொல்ல முடியாது. படித்து முடித்து, ஒரு முதியவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போதுதான் தெரியும்.

டேஃப் என்பதை நம்மூர் ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் சேர்ந்த ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 1974ல் மையர் கங்கன் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கைதான் அதற்கு இன்றைய உருவத்தைத் தந்தது. மெல்பனில் அவர் பெயரிலேயே ஒரு டேஃப் இருக்கிறது. வெகுகாலம் அரசுப் பயிற்சிப் பணத்தில் பெரும்பகுதி டேஃபுக்கே போனது. பிறகு, தனியாரும் போட்டியிடட்டும், மாணவர் தேர்ந்தெடுக்கட்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதிலிருந்து இந்த நாடு குறைந்தது நான்கு வழிகளை முயன்று பார்த்துவிட்டது. அரசு நல்லதா தனியார் நல்லதா என்று இதை விவாதிப்பவர்கள்தான் அதிகம். நான் வேறு கேள்வி வைத்துக்கொள்கிறேன்: ஒவ்வொரு வழியிலும் அரசின் பணம் எந்த நொடியில் கல்லூரியின் கைக்குப் போகிறது?

முதலில், மெல்பன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் திறந்த சந்தை. 2008ல் ஜான் பிரம்பியின் லேபர் அரசு அறிவித்து, 2009 ஜூலையில் தொடங்கி, 2011ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குத் திறன் துறை அமைச்சர் ஜசிந்தா ஆலன். பின்னாளில் மாநிலத்தின் பிரீமியர், அதாவது முதல்வர், ஆனவர். திட்டம் கேட்க நன்றாகவே இருக்கும். தகுதி உள்ள எவருக்கும் இடம் உறுதி. மாணவர் எங்கே போகிறாரோ மானியம் அவர் பின்னாலேயே போகும். மொத்தம் எத்தனை பேர் என்று வரம்பு கிடையாது. இதைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சேர்க்கை எகிறியது, டேஃப் எட்டிப் பார்க்காத நேரங்களிலும் இடங்களிலும் வகுப்புகள் வந்தன.

ஆனால் மானியம் பாட நேரக் கணக்கில், மணிக்கு இவ்வளவு என்று போனது. வெல்டிங் பட்டறை வைக்க இயந்திரம் வேண்டும், இடம் வேண்டும், காப்பீடு வேண்டும். உடற்பயிற்சிப் பயிற்றுநர் படிப்புக்கோ ஒரு அறையும் ஒரு ஆளும் போதும். கணக்குத் தெரிந்தவர் எதைத் தொடங்குவார்? உடற்பயிற்சிப் படிப்புகளில் கூட்டம் குவிந்தது. மாநிலத்தில் அத்தனை பயிற்றுநர்களுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. செலவு திட்டமிட்டதைத் தாண்டி ஓடியது. 2012 மே பட்ஜெட்டில் பேலியூவின் லிபரல் அரசு கத்தரியை எடுத்தது. சில படிப்புகளுக்கு மானியம் மணிக்கு 2 டாலருக்கும் கீழே இறங்கியது. நூலகம், ஆலோசகர், பின்தங்கிய மாணவருக்கான உதவி என்று டேஃபுக்குத் தனியாகக் கொடுத்து வந்த பணமும் போனது. மொத்த வெட்டு சுமார் 30 கோடி டாலர். சந்தையில் பலர் அள்ளிய செலவுக்கு டேஃப் தண்டம் கட்டியது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். லில்லிடேல் வளாகம் மூடப்பட்டது, கிரீன்ஸ்பரோ வளாகமும் மூடப்பட்டது. சில ஆண்டு கழித்து இரண்டையும் அரசுப் பணத்திலேயே திரும்பத் திறந்தார்கள் என்பது தனிக் கூத்து.

இந்த வழியில் என்னை இன்றும் உறுத்துவது ஒரு சின்ன விதி. இருபது வயதோ அதற்கு மேலோ ஆனவர், முன்பு படித்ததைவிட உயர்ந்த நிலைப் படிப்பு படித்தால்தான் மானியம் என்று இருந்தது. காகிதத்தில் நியாயம். நடைமுறையில், தரமில்லாத ஒரு கல்லூரியில் மூன்றாம் நிலைச் சான்றிதழ் வாங்கிவிட்டால், உருப்படியான இடத்தில் அதே நிலையில் இன்னொன்று படிக்க முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கெட்டுப்போன காய் வாங்கினால் கடையை மாற்றலாம். இங்கே வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு தடவைதான் சந்தை.

இரண்டாவது வழி மத்திய அரசின் கடன். மாநிலம் மானியம் கொடுத்தது. கான்பெர்ரா, டிப்ளமாவும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போலக் கடன் கொடுத்தது. வெட் ஃபீ-ஹெல்ப் என்று பெயர். தொடக்கத்தில், அந்த டிப்ளமாவைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்ற ஏற்பாடு கல்லூரியிடம் இருக்க வேண்டும். 2012ல் அந்த நிபந்தனை தளர்ந்தது. அப்புறம் நடந்ததை எண்களே சொல்லும். 2009ல் கொடுத்த கடன் 2.6 கோடி டாலர். 2012ல் 32.5 கோடி. 2014ல் 176 கோடி. 2015ல் 290 கோடி. சராசரிக் கட்டணமும் அதே காலத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது.

இங்கே பணம் எந்த நொடியில் கைமாறியது? சென்சஸ் தேதி என்று ஒன்று உண்டு. அந்தத் தேதி வரை மாணவர் பெயர் பட்டியலில் இருந்தால் போதும், அந்தப் பகுதிக்கான கட்டணம் அரசிடமிருந்து நேரே கல்லூரிக்கு. மாணவர் ஒரு பக்கம் திறந்து படித்தாரா, கணினியில் உள்ளே நுழையவாவது செய்தாரா என்பது கணக்கில் இல்லை. கடனைத் திருப்ப வேண்டியது, அன்றைய கணக்கில் ஆண்டு வருமானம் சுமார் 54,000 டாலரைத் தாண்டிய பிறகு மட்டுமே. இந்த ஒரு வரியைத் தரகர்கள் வாசலில் நின்று எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை: "ஃப்ரீ, லேப்டாப்பும் ஃப்ரீ, கையெழுத்து மட்டும் போடுங்க." அரசுக் குடியிருப்புகள், வேலையில்லாதோர் உதவி அலுவலக வாசல், பழங்குடி மக்களின் ஊர்கள் எல்லாம் அவர்களுக்குக் கடைத்தெரு ஆயின. இலவசக் கருவி காட்டி ஆள் சேர்ப்பதை 2015 ஏப்ரலில்தான் தடை செய்தார்கள்.

உச்சம் ஃபீனிக்ஸ் இன்ஸ்டிட்யூட் வழக்கு. 11,000 பேருக்கு மேல், 21,000க்கும் அதிகமான இணையவழிப் படிப்புகளில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு டிப்ளமாவில் சேர்த்தால்தானே அந்தக் கணக்கு வரும். முறையாகப் படித்து முடித்தவர்கள் 9 பேர். ஒன்பதாயிரம் அல்ல, ஒன்பது. 2023ல் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கும் அதன் விற்பனைக் கிளைக்கும் சேர்த்து விதித்த அபராதம் 43.8 கோடி டாலர். அதற்குள் நிறுவனம் கலைப்பில் இருந்தது.

2016 அக்டோபரில் அமைச்சர் சைமன் பர்மிங்ஹாம் கடையை மூடுவதாக அறிவித்தார். 2017 ஜனவரியிலிருந்து புதிய கடன் திட்டம்: படிப்பைப் பொறுத்து 5,000, 10,000, 15,000 டாலர் என்று உச்சவரம்பு, தகுதியான படிப்புகளுக்குப் பட்டியல், மாணவர் உண்மையிலேயே படிக்கிறாரா என்று அவ்வப்போது அவரிடமே கேட்டு உறுதி செய்வது. அந்தக் கடைசி ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் பல நூறு கோடி மிஞ்சியிருக்கும். ஏமாந்தவர்களின் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2019ல்தான் வந்தது. அதற்குள் பலருக்குத் தங்கள் பெயரில் கடன் இருப்பதே, வேலை கிடைத்து வரி கணக்குக் காட்டும்போதுதான் தெரியவந்தது.

மூன்றாவது வழி, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துடையது. அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அதுவே அதன் பெருமை என்பேன். விக்டோரியா கையைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டு, 2015 ஜனவரியில் ஸ்மார்ட் அண்ட் ஸ்கில்ட் என்று தொடங்கினார்கள். போட்டி உண்டு, ஆனால் கதவில் ஆள் நின்று எண்ணுவார். விண்ணப்பித்துத் தேர்வான கல்லூரிகளுக்கு மட்டுமே ஒப்பந்தம், ஒவ்வொன்றுக்கும் இத்தனை இடம், இத்தனை பணம் என்று வரம்பு. விலையை ஒரு சுயேச்சை ஆணையம் பரிந்துரைத்தது. தொலைதூர ஊர், பின்தங்கிய மாணவர் போன்ற லாபம் வராத வேலைக்கு டேஃபுக்குத் தனிப் பணம். மாணவர் கட்டணம் ஏறியதும், டேஃபில் சேர்க்கை குறைந்ததும் நடந்தன. சிட்னி நண்பர்கள் அதற்காக இன்றும் திட்டுவார்கள். ஆனாலும் விக்டோரியா அளவுக்குக் கஜானா ஓட்டையாகவில்லை.

நான்காவது வழி இன்றைக்கு ஆட்சியில் இருப்பது: கட்டணமில்லா டேஃப். விக்டோரியாவே, சந்தையை முதலில் திறந்த அதே மாநிலம், 2019 ஜனவரியில் 30 முன்னுரிமைப் படிப்புகளை டேஃபில் இலவசமாக்கியது. மத்திய அரசு 2023ல் நாடு முழுவதும் 1,80,000 இடங்களுக்குப் பணம் கொடுத்தது. 2025 மார்ச்சில் சட்டமே நிறைவேறிவிட்டது. 2027 முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் இடங்கள். இதில் தரகருக்கு வேலை இல்லை. கடன் இல்லை. எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும் என்பதை அரசு பட்டியல் போட்டுச் சொல்கிறது.

லிபரல் கட்சியின் துணைத் தலைவராக இருந்தபோது சூசன் லீ நாடாளுமன்றத்தில் இதை எதிர்த்தார்: காசு கொடுக்காத பொருளுக்கு மதிப்பு இருக்காது என்பது அவர் வாதம். கேட்க ஊர்ப் பெரியவர் சொல்வது போலத்தான் இருக்கிறது. ஆனால் கடன் திட்டத்தில் ஒவ்வொரு டிப்ளமாவுக்கும் பல ஆயிரம் டாலர் விலை போட்டிருந்தார்களே, அங்கே முடித்தவர்கள் எத்தனை பேர்?

அதற்காக நான்காவது வழியைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. சேர்ந்தவர் முடிக்கிறாரா என்பது இங்கேயும் கேள்விதான். அமைச்சர்கள் மேடையில் சொல்வது சேர்க்கை எண்ணிக்கையை; முடித்தவர் எண்ணிக்கையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இடத்தை இலவசமாக்கலாம், பாடம் நடத்தும் எலக்ட்ரீஷியன் எங்கே? கட்டுமானத் தளத்தில் நல்ல சம்பளம் வாங்குபவர் அதைவிட்டு வகுப்பறைக்கு வர யோசிப்பார். காத்திருக்க முடியாதவர், இரவு வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு மாடிக் கல்லூரிதான் கைகொடுக்கிறது, அவற்றில் ஒழுங்காக நடப்பவையும் இருக்கின்றன. அரசிடமே எல்லாவற்றையும் குவித்தால் சரியாகிவிடும் என்பவர்கள் பக்கத்து நியூசிலாந்தைப் பார்க்கலாம். 2020ல் 16 பாலிடெக்னிக்குகளை ஒன்றாக்கி டே பூக்கெங்கா என்று ஒரே நிறுவனம் அமைத்தார்கள். அடுத்து வந்த அரசு அதைக் கலைத்தது. 2026 ஜனவரியில் பத்துக் கல்லூரிகள் மறுபடி தனித்தனியாகிவிட்டன. பெயர்ப்பலகை எழுதுபவருக்கு மட்டும் நல்ல வருமானம்.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மூன்றையும் நான்கையும் சேர்த்துத் தைப்பேன். பட்டறை, ஆய்வகம், செவிலியர் பயிற்சி போன்ற முதலீடு தேவைப்படும் படிப்புகள் டேஃபில், கட்டணமில்லாமல், ஆசிரியருக்கு நல்ல சம்பளத்தோடு. மற்றவற்றில் போட்டி இருக்கட்டும், இடத்துக்கு வரம்போடு. இரண்டிலும் பணத்தில் ஒரு பங்கை, மாணவர் கையால் ஒரு வேலையைச் செய்து காட்டும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். இதிலும் ஆபத்து உண்டு: முடித்தால்தான் பணம் என்றால் முடிக்காதவரையும் முடித்ததாக எழுதுவார்கள். 2024 இறுதியிலிருந்து ஒழுங்குமுறை ஆணையம் ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்து செய்து வருவது அந்த மாதிரி வேலைக்குத்தான். ஆகவே தேர்வு வைப்பவர் கல்லூரிக்கு வெளியே இருந்து வர வேண்டும். செலவு கூடும். கூடட்டும்.

சரி, அக்காவிடம் வருகிறேன். கட்டணத்தை விடுங்கள், 120 மணி நேரம் எங்கே என்று மட்டும் இரண்டு இடத்திலும் கேளுங்கள் என்றேன். அந்தப் படிப்புக்குக் குறைந்தது 120 மணி நேரம் உண்மையான முதியோர் இல்லத்திலோ வீடுகளிலோ வேலைப்பயிற்சி கட்டாயம். டேஃபில் எந்த இல்லங்களுக்கு அனுப்புவோம் என்று பெயர் சொன்னார்கள், மேற்பார்வையாளர் எத்தனை தடவை வருவார் என்றும் சொன்னார்கள். மாடிக் கல்லூரியில் "அதை முதலில் சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்றார்களாம்.

அக்கா டேஃபுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். வகுப்பு தொடங்கும் வரை காய்கறி பேக்கிங் தொழிற்சாலையில் அதே இரவு ஷிஃப்ட். மாடிக் கல்லூரிக்காரர்கள் இன்னும் விடவில்லை. போன வாரம் நான் அங்கே இருந்தபோதே கைபேசி அடித்தது. இன்றைக்கே சேர்ந்தால் 200 டாலர் குறைப்பு என்கிறார்கள். அக்கா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, சுளகில் அரிசி புடைத்தபடி, "அந்த 120 மணித்தியாலம் எங்கயெண்டு சொல்லுங்கோ முதல்ல" என்றார்.