கவுச் டு 5கே: ஒன்பது வார ஓட்டத்தில் கால் மெலியுமா, பருக்குமா?

ஓட்டமே பழக்கமில்லாத ஒருவரை ஒன்பது வாரத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓட வைக்கும் பயிற்சித் திட்டம் கவுச் டு 5கே. ஜோஷ் கிளார்க் 1996-இல் வகுத்தது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை இதை இலவசச் செயலியாகக் கொடுக்கிறது. வேறு பெயர்களில் இதே அட்டவணையைத் தரும் செயலிகளும் நிறைய உண்டு. மூச்சுக்கும் இதயத்துக்கும் இது செய்யும் நன்மையைப் பலரும் எழுதியாயிற்று. இங்கே பார்க்கப்போவது இடுப்புக்குக் கீழே உள்ளதை மட்டும். தொடை குறையும் என்று நம்பி ஒருவர் இதில் சேர்கிறார். ஆடுசதை பருத்துக்கொண்டே போகிறது என்று பயந்து இன்னொருவர் மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓடப் பழக்குவதற்கு இது அருமையான திட்டம். காலின் உருவத்தை மாற்றுவதற்கு இது பாதித் திட்டம்; மீதியை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிட வேக நடையோடு தொடக்கம். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடப்பது, எட்டு முறை. இரண்டாம் வாரம் ஒன்றரை நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. நான்காம் வாரத்தில் ஐந்து நிமிடத் தொடர் ஓட்டம் வந்துவிடுகிறது. ஏழாம் வாரம் 25 நிமிடம், எட்டாம் வாரம் 28, ஒன்பதாம் வாரம் 30. நடுவில் நடை வைத்ததற்குக் காரணம் மூச்சு மட்டுமல்ல. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் மெல்லத்தான் தேறும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு ஏறுகிறது. மூச்சு தாங்குகிறதே என்று அட்டவணையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு முதலில் அடிவாங்குவது முழங்காலுக்குக் கீழ்ப்பகுதிதான்.

அட்டவணையில் கரடுமுரடான இடம் ஐந்தாம் வாரம். அந்த வாரத்தின் இரண்டாவது ஓட்டத்தில் எட்டு நிமிடம், நடை, மறுபடி எட்டு நிமிடம். அடுத்த ஓட்டமே 20 நிமிடம் இடைவிடாமல். இங்கே தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் வேகத்தால்தான் விழுகிறார்கள். ஒரு முழு வாக்கியம் பேசும் அளவுக்கு வேகத்தைக் குறைத்தால் இந்த 20 நிமிடம் முடியக்கூடியதே. அப்போதும் முடியாவிட்டால் 12 நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை, எட்டு நிமிடம் ஓட்டம் என்று ஒரு நாளை இடையில் செருகிக்கொள்ளலாம். இன்னொன்று: பெயரில் 5கே இருந்தாலும், 30 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் போக வேண்டுமானால் கிலோமீட்டருக்கு ஆறு நிமிட வேகம் வேண்டும். எட்டு நிமிட வேகத்தில் ஓடுபவர் 3.75 கிலோமீட்டரில் முடிப்பார். அது தோல்வி அல்ல. திட்டம் எண்ணுவது நேரத்தைத்தான், தூரத்தை அல்ல.

இனி காலுக்கு வருவோம்.

முதல் மூன்று வாரத்தில் பலருக்குத் தொடையும் ஆடுசதையும் இறுக்கமாக, சற்றுப் பெரிதாகக்கூடத் தோன்றும். காற்சட்டை தொடையில் பிடிக்கும். பயந்து நிறுத்துபவர்கள் நிறுத்துவது இங்கேதான். இது புதுத் தசை அல்ல. இரண்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தசை வளராது. பழக்கமில்லாத கால் தரையில் இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அந்த வேலையில் தசை இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, அதைச் சரிசெய்ய நீர் சேர்கிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி கூடுவதும் இதனால்தான். இதோடு, ஓடப் பழகும் தசை, தன் எரிபொருளான கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமிக்கத் தொடங்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். அதே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது சிதைவு குறைந்துவிடும். வலியும் வீக்கமும் வடிந்துவிடும். ஆகவே முதல் மாதத்தில் அளவு நாடா காட்டும் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மெலிவது எப்படி என்று பார்க்க ஒரு கணக்குப் போட்டால் போதும். ஒன்பது வாரத்திலும் நடையைக் கழித்து ஓடும் நேரத்தை மட்டும் கூட்டினால் 489 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கிலோமீட்டருக்கு எட்டு நிமிட வேகத்தில் அது சுமார் 61 கிலோமீட்டர். ஓட்டத்துக்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 3,700-க்குள். ஒரு கிலோ உடற்கொழுப்பில் இருப்பது சுமார் 7,700. சாப்பாடு துளியும் கூடாமல் இருந்தால்கூட, ஒன்பது வார ஓட்டம் கரைப்பது அரை கிலோ கொழுப்பு. நடையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதுவும் உடல் முழுவதிலிருந்தும் போகும். ஓடுவது கால் என்பதற்காகக் காலிலிருந்து மட்டும் போகாது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போகும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. பெண்கள் பலருக்கு இடுப்பும் தொடையும் கடைசியில்தான் குறையும். முகம் ஒட்டிவிட்டது, தொடை அப்படியே இருக்கிறது என்ற வருத்தம் இதனால் வருவது. ஓடும் முறையில் குற்றம் ஏதுமில்லை. தொடை மெலிய வேண்டுமென்றால் அந்த வேலையின் பெரும்பகுதி சாப்பாட்டுத் தட்டில்தான் நடக்கும் என்பதை இந்தத் திட்டத்தில் சேருமுன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பருக்கும் என்ற பயத்துக்கு அடிப்படை இன்னும் குறைவு. மெதுவான நீண்ட ஓட்டம் முதன்மையாக வேலை வாங்குவது மெல்லச் சுருங்கும் இழைகளிடம். அவை பெருப்பதைவிட உள்ளுக்குள் மாறுவதுதான் அதிகம்: சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா கூடும், இழையைச் சுற்றி இரத்தத் தந்துகிகள் பெருகும். தசை பெரிதாக, அது தாங்கும் பாரம் கூடிக்கொண்டே போக வேண்டும். இங்கே கூடுவது நேரம். பாரம் அதே உடல் எடைதான். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தவர்களுக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் முன்தொடையிலும் புட்டத்திலும் ஓரளவு தசை கூடலாம். கொழுப்பு சற்றுக் குறைந்து தசை சற்றுக் கூடும்போது சுற்றளவு மாறாமலே கால் உறுதியாகத் தெரியும், நரம்போட்டம் வெளியே தெரியும். சுற்றளவு மட்டும் பார்ப்பவர் இந்த மாற்றத்தைத் தவறவிடுவார்.

குறுந்தூர ஓட்ட வீரரின் தொடையையும் மாரத்தான் வீரரின் காலையும் அருகருகே வைத்து, ஓட்டத்தின் வகைதான் அந்தக் கால்களைச் செய்தது என்று காட்டுவது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. வேகமாகச் சுருங்கும் இழைகள் அதிகமுள்ளவர் 100 மீட்டரில் ஜெயித்து அங்கேயே தங்குகிறார். முழங்காலுக்குக் கீழே எடை குறைந்தவருக்கு ஒவ்வொரு முறை காலை வீசவும் குறைந்த சக்தி போதும், அவர் நெடுந்தூரத்தில் தங்குகிறார். குறுந்தூர வீரர்கள் பளு தூக்குவதை முக்கியப் பயிற்சியாகவே செய்கிறார்கள் என்பதும் படத்தில் தெரியாது.

ஆடுசதையின் வடிவம் தனிக் கதை. மேலே புடைத்துத் தெரியும் தசையின் சதைப்பகுதி எங்கே முடிந்து குதிகால் தசைநாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறவியிலேயே அமைந்தது. சதை மேலேயே முடிந்து நாண் நீளமாக இருப்பவருக்குக் கணுக்காலுக்கு மேல் ஒல்லியாக இருக்கும். சதை கீழே இறங்கி இருப்பவருக்குக் கால் உருண்டையாக, ஒரே பருமனாகத் தெரியும். எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் இந்த எல்லை இடம் மாறாது. இடுப்பெலும்பின் அகலமும் அப்படித்தான். தொடைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்று ஓடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அந்த இடைவெளி பெரும்பாலும் எலும்பு அமைப்பைப் பொறுத்தது.

ஓடும் விதத்தால் பாரம் எங்கே விழுகிறது என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றலாம். முன்பாதத்தில் இறங்கினால் ஆடுசதைக்கும் குதிகால் நாணுக்கும் வேலை கூடும், முழங்காலுக்குக் குறையும். குதிகாலில் இறங்கினால் இதற்கு நேர்மாறு. ஷூவும் அதே கணக்குதான்: குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 10 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் ஆடுசதைக்குச் சற்று ஓய்வு; 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் ஆடுசதைக்குக் கூடுதல் சுமை. புதிதாக ஓடுபவர் ஆடுசதையைப் பெருக்கவோ குறைக்கவோ நினைத்து இறங்கும் முறையை மாற்றுவது வேண்டாத வேலை. காயம்தான் மிஞ்சும். பாதத்தை உடலுக்கு வெகுதூரம் முன்னே நீட்டி வைப்பதை நிறுத்தி, அடிகளைக் குறுக்கி, நிமிடத்துக்கான அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் போதும். முழங்காலின் சுமை குறையும்.

திட்டத்தின் பெரிய குறை, தசைவலுப் பயிற்சி அட்டவணைக்குள் இல்லாதது. கால் உருவம் பெற வேண்டுமென்றாலும் வலியில்லாமல் ஓட வேண்டுமென்றாலும் இது தேவை. முதல் இரண்டு வாரத்தின் வலி அடங்கிய பிறகு, மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை சேர்க்கலாம். ஓடும் நாளிலேயே ஓட்டம் முடிந்தபின் செய்தால் ஓய்வு நாள் ஓய்வாகவே இருக்கும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவதை, முழங்காலை நீட்டியபடி ஒரு சுற்றும் மடக்கியபடி ஒரு சுற்றும் செய்ய வேண்டும். நீட்டியபடி செய்தால் மேலே தெரியும் ஆடுசதைக்கு வேலை. மடக்கியபடி செய்தால் அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை; ஓடும்போது மிக அதிகமான சுமையை ஏற்கும் தசைகளில் அதுவும் ஒன்று. இரண்டும் 12 முதல் 15 முறை. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து உட்கார்ந்து எழுவது, பக்கத்துக்கு 8 முதல் 10. மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்குவது, 12. எல்லாம் இரண்டு சுற்றில் தொடங்கி மூன்றுக்குப் போகலாம். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். இலகுவாகிவிட்டால் கையில் எடை பிடிக்க வேண்டும். எண்ணிக்கையை 30, 40 என்று ஏற்றுவதால் களைப்புதான் கூடும், நேரமும் போகும். தசை கூட விரும்புபவர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் சாப்பிட்டால் நல்லது.

அளப்பதிலும் தவறு நடக்கிறது. ஓடி முடித்ததும் தசைக்குள் இரத்தம் நிறைந்திருக்கும், அப்போது அளந்தால் கூடத்தான் காட்டும். காலையில், ஓடுவதற்கு முன், இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நின்று அளக்க வேண்டும். தொடைக்கு, கவட்டு மடிப்புக்கும் முழங்கால் சில்லின் மேல்விளிம்புக்கும் நடுப்புள்ளி. கெண்டைக்காலுக்கு, மிக அகலமான இடம். நாடா தரைக்கு இணையாக இருக்கட்டும், தோலை அழுத்த வேண்டாம். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதிக்கொள்ளலாம். நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தை மாற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது, அது அளக்கும் கையின் பிழையாக இருக்கலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் சேர்வதால், சுழற்சியின் அதே கட்டத்தில் அளப்பது நியாயமான ஒப்பீடு. இடதுக்கும் வலதுக்கும் சிறு வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலியோடு சூடாகவோ சிவந்தோ இருந்தால் அதை ஓட்டத்தின் கணக்கில் எழுதக்கூடாது. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கணைக்காலெலும்பின் உள்விளிம்பு நெடுக, ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் அது அவசரமாகச் சுமை ஏற்றியதன் வலி. ஓட்டத்தைக் குறைத்து, வலி அடங்கியதும் ஒரு வாரம் பின்னே போய்த் தொடங்கலாம். விரல் நுனியால் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலித்து, நடக்கும்போதும் இரவிலும் தொடர்ந்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். அப்போது ஓட்டத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் பரிசோதிக்க வேண்டும்.

ஒன்பதாம் வாரத்தோடு அட்டவணை முடிந்துவிடுகிறது. அதே 30 நிமிடத்தை அதே வேகத்தில் தொடர்ந்தால் உடல்நலம் நிலைக்கும், காலின் உருவம் மேற்கொண்டு பெரிதாக மாறாது. புட்டமும் தொடையும் இன்னும் உறுதிப்பட வேண்டுமென்றால் மேலும் நான்கு வாரம் 30 நிமிட ஓட்டத்தை நிலைப்படுத்திவிட்டு, வாரத்தில் ஒரு ஓட்டத்தின் முடிவில் ஏற்றம் சேர்க்கலாம். மிதமான சரிவில் 8 முதல் 10 விநாடி, முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஓட்டம், இடையே இரண்டு நிமிடம் ஓய்வு. முதல் முறை நான்கு, சில வாரங்களில் எட்டு வரை. கீழே வரும்போது நடந்தே வர வேண்டும். இறக்கத்தில் ஓடுவதுதான் முன்தொடையை மறுபடி முதல் வாரத்து வலிக்குக் கொண்டுபோகும்.