எலக்ட்ரான் கூடுகள் வரையப்பட்ட தனிம வரிசை அட்டவணை: ஒரு மதிப்புரை

குறியீடு, அணு எண் (புரோட்டான்களின் எண்ணிக்கை), அணு நிறை ஆகியவற்றோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு தனிமத்தின் எலக்ட்ரான் கூடுகளையும் (அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் அமையும் அடுக்குகளையும்) வளையங்களாக வரைந்து காட்டும் சுவர் அட்டவணை ஒன்றை ஓராண்டாக வேதியியல் கற்பிக்கப் பயன்படுத்தி வருகிறேன். முதல் இருபது தனிமங்களைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான துணைக்கருவியை நான் கண்டதில்லை.

சோடியத்தின் கட்டத்தில் 2, 8, 1 என மூன்று வளையங்கள் இருப்பதால் அது மூன்றாம் தொடரில், அதாவது மூன்றாம் கிடைவரிசையில், நிற்கிறது. கடைசி வளையத்தில் ஓர் எலக்ட்ரான் மட்டுமே இருப்பதால் முதல் தொகுதியில், அதாவது முதல் செங்குத்து வரிசையில், சேர்கிறது. அந்த ஒன்றை இழந்தால் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களுடன் நிலையாக இருக்கும் நியானின் அமைப்பு கிடைத்துவிடுவதால் அதன் இணைதிறன் (பிற அணுக்களுடன் இணையும் திறனைக் குறிக்கும் எண்) ஒன்றாகிறது. அதே தொடரில் உள்ள குளோரினுக்கு 2, 8, 7. வெளிக்கூட்டில் ஏழு இருந்தும் சோடியம் குளோரைடில் அதன் இணைதிறன் ஏன் ஒன்று என்று கேட்ட மாணவர்கள், எட்டுக்கு ஒன்று குறையும் அந்த வளையத்தைப் பார்த்ததும் தாமே விடை சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆர்கானும் பொட்டாசியமும் அமைந்துள்ள பகுதி. அணு நிறையை மட்டும் பார்த்தால் பொட்டாசியம் (39.10) ஆர்கானுக்கு (39.95) முன்னால் வரவேண்டும், அப்படி வைத்தால், நீருடன் தீவிரமாக வினைபுரியும் உலோகம் மந்த வாயுக்களின் தொகுதியில் போய்ச் சேரும். அணு எண்ணே அடிப்படை என்பதை 1913இல் இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லியின் எக்ஸ் கதிர் ஆய்வுகள் நிலைநாட்டின. 2, 8, 8, 1 என்னும் வளையங்கள் அந்த இடம் எவ்வளவு பொருத்தமானது என்பதைக் கண்ணுக்கே காட்டிவிடுகின்றன.

ஆனால் மூன்றாம் கூடு 18 எலக்ட்ரான்கள் வரை ஏற்கக்கூடியதாக இருக்க, பொட்டாசியத்தின் 19ஆம் எலக்ட்ரான் ஏன் நான்காம் கூட்டுக்குச் செல்கிறது என்பதற்கு அட்டவணையில் ஒரு குறிப்பும் இல்லை. மூன்றாம் கூட்டின் 3டி ஆர்பிட்டாலைவிட (ஆர்பிட்டால் என்பது கூட்டினுள் எலக்ட்ரான்கள் இருக்கும் பகுதி) நான்காம் கூட்டின் 4எஸ் ஆர்பிட்டாலின் ஆற்றல் அங்கே குறைவு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அட்டவணையின் நடுப்பகுதியில் உள்ள இடைநிலைத் தனிமங்களில் இருப்பது குறை அன்று, பிழை. வெளிக்கூட்டின் எண்ணிக்கையையே இணைதிறனாக அச்சிட்டதால், 2, 8, 18, 1 என்ற அமைப்புள்ள தாமிரத்துக்கு ஒன்று என்றும், 2, 8, 14, 2 என்ற இரும்புக்கு இரண்டு என்றும் மட்டுமே உள்ளது. உட்கூட்டின் டி எலக்ட்ரான்களும் வினையில் பங்கேற்பதால்தான் தாமிர சல்பேட்டில் தாமிரம் இரண்டும் ஃபெரிக் குளோரைடில் இரும்பு மூன்றும் காட்டுகின்றன.

கன உலோகங்களின் வளையங்கள் சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தாலே ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

தொடக்க நிலை மாணவர்களுக்கு இதை வாங்கலாம். இடைநிலைத் தனிமங்களின் இணைதிறன் எண்களை மட்டும் தாள் ஒட்டி மறைத்து, சரியான மதிப்புகளை நானே எழுதி வைத்திருக்கிறேன்.