நல்லூரில் விற்கும் தீட்சைப் பொருள் பொதி

சமய தீட்சைக்கு, அதாவது குருவிடம் மந்திரம் பெற்றுச் சைவ நெறியில் சேரும் முதற் சடங்குக்கு, போகிறவர்களுக்கு ஒரு பூசைப்பொருள் கடை பொதியாகவே தருகிறது: நாலு முழ வேட்டி, சால்வை, திருநீற்றுப் பை, 54 மணி உருத்திராக்க மாலை, தர்ப்பை, வெற்றிலை பாக்கு. வேட்டி நல்ல பருத்தி, கரையும் நேராக இருக்கிறது. திருநீறுதான் குறை. சுண்ணாம்புத் தூள் கலந்தது நெற்றியில் திட்டாக ஒட்டும், வியர்த்தால் எரியும். பசுஞ்சாணம் சுட்ட நீறு மெல்லிசாகப் படியும். அதை வேறாக வாங்குங்கள். மாலையில் முடிச்சுகள் தளர்வு, நூலை மாற்றிக் கோர்க்க வேண்டும்.

பொதியில் ஐந்தெழுத்தும் செபமுறையும் அச்சடித்த தாளொன்றும் உண்டு. இதை வைக்கவே கூடாது. சைவ மரபில் மந்திரம் குருவின் வாயால், சீடன் காதில் விழ வேண்டியது. அந்த அதிகாரமும் எல்லாருக்கும் இல்லை: சமயம், விசேடம், நிர்வாணம் என்று படிப்படியாக வரும் மூன்று தீட்சைகளும் பெற்று, குருவாக அமர்த்தும் ஆசாரிய அபிடேகமும் ஆனவரே தீட்சை கொடுக்கலாம். தாளைப் பார்த்துப் பழகி வரும் பிள்ளை உச்சரிப்புப் பிழையோடு வருகிறது. திருத்துவது குருக்களுக்குப் பெரும் பாடு. வாங்குமுன் அவரிடமே பட்டியல் கேளுங்கள், சிலர் தர்ப்பையைத் தாமே கொண்டுவருவார்கள்.