எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ்: மாத்துறதுக்கு முன்னாடி கெர்னல பாருங்க

கும்பகோணத்துல எங்க மாமா போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்காரு. அங்க டெபியன்ங்கற லினக்ஸ் ஓடுற ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில பதினஞ்சு வருஷத்து கல்யாண போட்டோ எல்லாம் கிடக்கு, அத பாத்துக்கறது நான்தான். போன வருஷம் ஒரு அக்கா வந்து, 2011ல நடந்த அவங்க கல்யாணத்துல அவங்க அப்பா தாரை வார்த்து குடுக்குற படம் ஒண்ணு வேணும்னு கேட்டாங்க, அப்பா இப்ப இல்ல. ஃபைல திறந்தா மேல பாதிதான் படம், கீழ பாதி சாம்பல் கலர்ல கோடு கோடா நிக்குது. பேக்கப்லயும் அதே கதிதான், ஏன்னா புது டிஸ்க் வாங்குறப்பல்லாம் கெட்டுப்போன ஃபைலயேதான் அதுக்கு காப்பி பண்ணியிருக்கோம். அந்த டிஸ்க்ல ஃபைல்கள அடுக்கி வைக்கிற ஃபைல்சிஸ்டம் எக்ஸ்ட்4, அது ஒரு எரரும் காட்டல, காட்டவும் காட்டாது, ஃபைல் பேரு, இடம் மாதிரி மெட்டாடேட்டாவுக்குத்தான் அது செக்சம் (டேட்டா மாறிடுச்சான்னு கண்டுபிடிக்கிற சரிபார்ப்பு எண்) வைக்கும், ஃபைலுக்குள்ள இருக்குற டேட்டாவுக்கு வைக்காது. அந்த அக்கா ஒண்ணும் சொல்லாம எழுந்து போனாங்க, அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் இல்ல.

அதனால வேற ஃபைல்சிஸ்டத்துக்கு மாறணும்னு முடிவு பண்ணி ஒரு மாசம் படிச்சேன். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலைய அப்படியே புடிச்சு வைக்கிறது) இருக்கா, கம்ப்ரஷன் இருக்கான்னு பாக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும்னு அப்பதான் புரிஞ்சுது, அந்த ஃபைல்சிஸ்டம நம்ம கெர்னலுக்கு, அதாவது லினக்ஸோட மையப் பகுதிக்கு, யாரு சொல்லிக் குடுக்கப்போறா, ஒவ்வொரு அப்டேட்லயும் அது கூடவே வருமா?

முதல்ல எக்ஸ்ட்4லயே இருக்கறது. 2008 கடைசியில 2.6.28 கெர்னல்ல ஸ்டேபிள்னு வந்தது, அதுலேர்ந்து எல்லா டிஸ்ட்ரோவும் தயாரா குடுக்குது, நாம கெர்னல்ல கை வைக்கவே வேணாம். கரண்டு போய் வந்தாலும் தான் எழுதி வச்ச ஜர்னல்ங்கற குறிப்ப படிச்சுட்டு எழுந்து நிக்கும். கஜா புயல் அடிச்சப்ப, 2018 நவம்பர் 16, அதுக்கப்புறம் டெல்டால நிறைய ஊர்ல வாரக்கணக்கா கரண்டு இல்ல, ஜெனரேட்டர் போட்டு போட்டு அணைச்சோம், எக்ஸ்ட்4 பெட்டி ஒண்ணும் ஆகாம பூட் ஆச்சு. அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் இருக்கு. ரூட்டுக்கு, அதாவது சிஸ்டம் இருக்குற முதன்மை பார்ட்டிஷனுக்கு, இத மிஞ்சி ஒண்ணு தேவையில்ல. போட்டோவ காக்க மட்டும் இது பத்தல.

எக்ஸ்எஃப்எஸ் பெரிய ஃபைலுக்கு ரொம்ப நல்லது, ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7லேர்ந்து அதத்தான் டீஃபால்ட்டா வச்சிருக்கு. ஆனா இதுலயும் டேட்டாவுக்கு செக்சம் கிடையாது, என் பிரச்சனைக்கு மருந்து இதுல இல்ல, விட்டுட்டேன்.

பிடிஆர்எஃப்எஸ் 2009ல 2.6.29 கெர்னல்லயே உள்ள சேர்ந்துடுச்சு. இதுதான் பெரிய விஷயம், கெர்னலுக்குள்ளயே இருக்கறதால கெர்னல் மாறினா இதுவும் கூடவே மாறும், தனியா எதையும் கம்பைல் பண்ண வேணாம். டேட்டாவுக்கு செக்சம் உண்டு, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டாவ வைக்கிற ரெய்டு 1 போட்டா ஒரு காப்பி கெட்டிருந்தாலும் இன்னொண்ணுலேர்ந்து எடுத்து அதுவே சரி பண்ணிக்கும். ஃபெடோரா 33லேர்ந்து டெஸ்க்டாப்புக்கு இதுதான் டீஃபால்ட்.

ஆனா ரூட்டையே இதுக்கு மாத்துறதா இருந்தா கொஞ்சம் நிதானமா படிங்க. கெர்னல் கான்ஃபிக்ல ஒரு ஃபைல்சிஸ்டம ஒய்னு போட்டா அது கெர்னல் இமேஜுக்குள்ளயே உக்காந்துடும், எம்னு போட்டா தனி மாட்யூல், தேவைப்படும்போது கெர்னல் ஏத்திக்குற ஃபைல். டெபியன்ல எக்ஸ்ட்4 கூட மாட்யூல்தான், உபுண்டுல எக்ஸ்ட்4 உள்ளயே இருக்கும், பிடிஆர்எஃப்எஸ் மாட்யூல். மாட்யூல் ஃபைல் எங்க இருக்கு? ரூட் பார்ட்டிஷன்லதான். ரூட்ட திறக்க அந்த மாட்யூல் வேணும், வீட்டு சாவிய வீட்டுக்குள்ள வச்சு பூட்டிட்டு திண்ணையில உக்காந்திருக்குற நிலைமை. அந்த சாவிய வெளிய எடுத்து குடுக்குறதுதான் இனிட்ராம்எஃப்எஸ், பூட் ஆகும்போது கெர்னலோட சேர்ந்து முதல்ல ஏறுற சின்ன தற்காலிக சிஸ்டம். டெபியன்ல அதோட கான்ஃபிக்ல மாட்யூல்ஸ்ங்கற வரியில மோஸ்ட்னு இருந்தா பரவால்ல, டெப்னு இருந்தா இப்ப இருக்குற ரூட்டுக்கு தேவையானத மட்டும்தான் உள்ள போடும். இன்னைக்கு ரூட் எக்ஸ்ட்4னா நாளைக்கு வரப்போற பிடிஆர்எஃப்எஸ்க்கு அதுல இடம் இல்ல, மாத்திட்டு ரீபூட் பண்ணா ரூட்ட மவுண்ட் பண்ண முடியலன்னு நடுவழில நிக்கும். அதனால மாத்துறதுக்கு முன்னாடியே அத சேர்த்து இனிட்ராம்எஃப்எஸ்ஸ புதுசா கட்டி, உள்ள மாட்யூல் இருக்கான்னு லிஸ்ட் எடுத்து கண்ணால பாத்துடுங்க.

சரி, சொந்தமா கெர்னல் கட்டி ஒய் போட்டுட்டா இனிட்ராம்எஃப்எஸ்ஸே வேணாமேன்னு கேப்பீங்க. ஒரே டிஸ்க்னா முடியும், ஆனா பூட் வரியில ரூட்ட யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தோட அடையாள எண்) போட்டு சொல்ல முடியாது, கெர்னலுக்கு தனியா அது புரியாது, பார்ட்டிஷனோட அடையாள எண்ணான பார்ட்யூயூஐடிதான் புரியும். ரெண்டு டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ்னா எல்லா டிஸ்க்கையும் முதல்ல ஸ்கேன் பண்ணணும், அத செய்யறது இனிட்ராம்எஃப்எஸ்தான். அது போக ஒவ்வொரு செக்யூரிட்டி அப்டேட்டுக்கும் நீங்களே உக்காந்து கெர்னல் கட்டணும், ஸ்டூடியோ பெட்டிக்கு அது கட்டுப்படியாகாது.

குறையும் சொல்லிடறேன். பிடிஆர்எஃப்எஸ்ல ரெய்டு 5, 6 பக்கம் போகவே போகாதீங்க, அத நம்பி டேட்டா வைக்காதீங்கன்னு டெவலப்பர்களே எழுதி வச்சிருக்காங்க. ரெய்டு 1ல ஒரு டிஸ்க் செத்துட்டா அதுவா மவுண்ட் ஆகாது, டிகிரேடடுனு ஆப்ஷன் போட்டு நாமதான் ஏத்தணும்.

இசட்எஃப்எஸ். செக்சம், ரிப்பேர், ஸ்னாப்ஷாட் எல்லாத்துலயும் என் மனசுக்கு புடிச்சது இதுதான், சன் கம்பெனி செஞ்சு 2005ல ஓப்பன்சொலாரிஸோட வெளிய விட்டது. லைசென்ஸ்தான் இடிக்குது, இது சிடிடிஎல், லினக்ஸ் ஜிபிஎல், ரெண்டும் ஒத்துவராதுன்னு ரொம்ப நாளா விவாதம் நடக்குது, அதனால கெர்னலுக்குள்ள சேர்க்கல. டெபியன்ல டிகேஎம்எஸ்ங்கற தானா கட்டுற கருவி வழியா ஒவ்வொரு புது கெர்னலுக்கும் நம்ம பெட்டியிலயே கம்பைல் ஆகணும். ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லன்னாலோ, அந்த கெர்னலுக்கு இசட்எஃப்எஸ் இன்னும் தயாராகலன்னாலோ, கெர்னல் பூட் ஆகும் ஆனா பூல், அதாவது இசட்எஃப்எஸ்ல டிஸ்க்கெல்லாம் சேர்ந்த தொகுப்பு, வராது. முகூர்த்த நாளு காலைல மாமா போன் பண்ணி போட்டோ ஒண்ணுமே காணோம்டான்னு சொன்னா நான் சென்னைலேர்ந்து என்ன செய்வேன்? உபுண்டு 16.04லேர்ந்து மாட்யூல கெர்னலோட சேத்தே கட்டி குடுக்குது, ஃப்ரீபிஎஸ்டியிலயும் சிஸ்டத்தோடயே வருது, அங்க இருக்கவங்க தைரியமா போகலாம்.

கெர்னலுக்குள்ள வந்துட்டா நிரந்தரம்னும் இல்ல, பிகேஷ்எஃப்எஸ்ங்கற இன்னொரு ஃபைல்சிஸ்டம் கெர்னல் 6.7ல சேர்ந்து 6.18ல வெளிய போயிடுச்சு, ரெய்சர்எஃப்எஸ்ஸ 6.13ல எடுத்துட்டாங்க. அதனால யாரு அத தொடர்ந்து பாத்துக்கறாங்கன்னும் பாருங்க.

கடைசியில நான் செஞ்சது, ரூட் எக்ஸ்ட்4லயே இருக்கு, போட்டோவுக்கு மட்டும் ரெண்டு டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு 1, மவுண்ட் ஆகலன்னாலும் பெட்டி பூட் ஆகணும்னு எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க்க எங்க மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) நோஃபெயில் போட்டிருக்கேன். பழைய கெர்னல் ஒண்ண பூட் ஆகும்போது வர்ற கிரப் மெனுல விட்டு வச்சிருக்கேன். ஆடியில கல்யாணம் கிடையாதுல்ல, அந்த மாசத்துலதான் கை வச்சேன். பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு வீட்ல எல்லாரும் சித்ரான்னம் கட்டிக்கிட்டு காவேரிக்கு போயிட்டாங்க, நான் கடைக்குள்ள காப்பி ஓடுறத பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், சாயங்காலம் அத்தை எனக்கு புளிசாதமும் மஞ்ச கயிறும் கொண்டு வந்து குடுத்தப்ப முதல் ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் செக்சமோட ஒத்துப் பாக்குறது) எரர் இல்லாம முடிஞ்சிருந்துச்சு. அந்த 2011 படம் மட்டும் பாதியாத்தான் இருக்கு.