டெய்லிங்ஸ் அணைப் பயிற்சி: ஆன்லைன் வகுப்பா, பட்டறையா, பல்கலைக்கழகமா, அணைமேடா?

தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சும் நுண்ணிய சேறுதான் டெய்லிங்ஸ். அதைத் தேக்கும் அணை ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்படுவதில்லை. சுரங்கம் ஓடுகிற இருபது, முப்பது ஆண்டுகளும் அது உயர்ந்துகொண்டே போகும். சுரங்கம் மூடிய பிறகும் அங்கேயே நிற்கும். இதற்கிடையில் பொறியாளர்கள் மாறுவார்கள், ஒப்பந்ததாரர்கள் மாறுவார்கள், கம்பெனியே கைமாறும். முதல் அடுக்கைக் கட்டியவருக்குத் தெரிந்தது பத்தாவது அடுக்கைக் கட்டுபவருக்குப் போய்ச் சேராவிட்டால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புரூமாடின்யோவில் 86 மீட்டர் உயர அணை சில நொடிகளில் சரிந்து 270 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்டில் டெய்லிங்ஸ் மேலாண்மைக்கான உலகத் தரநிலை வெளியானது. அதில் 15 கோட்பாடுகள், 77 நிபந்தனைகள். அணையின் பாதுகாப்போடு தொடர்புடைய ஒவ்வொருவருக்கும், தன் வேலை ஓர் உடைப்பைத் தடுப்பதோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று கற்பிக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. இன்று கிடைக்கும் பயிற்சிகளைப் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது; யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆன்லைன் சுயபடிப்பு

செலவு குறைவு, நேரம் நம் கையில். துறையின் சொற்களைக் கற்க இதைவிட வசதியான வழி இல்லை. அப்ஸ்ட்ரீம் முறையில் ஒவ்வொரு புது அடுக்கும் ஏற்கெனவே கொட்டிய சேற்றின் மேல் உட்காருகிறது. அதாவது கழிவே சுவருக்கு அஸ்திவாரம். டவுன்ஸ்ட்ரீம் முறையில் சுவர் வெளிப்பக்கமாக, உறுதியான தரையின் மேல் வளர்கிறது. அதற்கு மண்ணும் கல்லும் பல மடங்கு வேண்டும். சென்டர்லைன் இரண்டுக்கும் நடுவில். சிலி பல பத்தாண்டுகளுக்கு முன்பே அப்ஸ்ட்ரீம் முறையைத் தடை செய்தது, பிரேசில் 2019-இல்தான் செய்தது. ஏன் என்பது ஒரு படத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். அந்த அளவுக்கு ஆன்லைன் போதும்.

சிக்கல் தேர்வில் இருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டித் தேறியவர், "பாதுகாப்புக் காரணி (சரியத் தள்ளும் விசையைப்போல் தாங்கும் வலிமை எத்தனை மடங்கு என்பது) 1.5 இருந்தால் சரி" என்று ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். அந்த 1.5 எந்த வலிமையை வைத்துக் கணக்கிடப்பட்டது, தண்ணீர் வடிய நேரம் கிடைத்தபோதைய வலிமையா, திடீரென அழுத்தம் ஏறும்போது மிஞ்சும் வலிமையா என்று கேட்கும் பழக்கம் திரையில் வராது. ஆனால் அந்தக் கேள்வியில்தான் அணையின் உயிர் இருக்கிறது.

மூன்று முதல் ஐந்து நாள் பட்டறை

மேலாளர்களுக்கும், தரநிலை சொல்லும் பொறுப்பேற்கும் நிர்வாகிக்கும் இதுதான் பொருந்தும். அவர்கள் கணக்குப் போடப் போவதில்லை. கணக்குப் போடுபவர் கொண்டுவரும் கெட்ட செய்தியைக் காதுகொடுத்துக் கேட்கவும், உற்பத்தியை நிறுத்தும் முடிவை எடுக்கவும் கற்க வேண்டும்.

பட்டறையின் தரத்தை அதில் அலசும் விபத்துகளை வைத்தே எடை போடலாம். வெவ்வேறு காரணத்தால் உடைந்த அணைகள் இடம்பெற வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்ப்ரூட்டில் 1994 பிப்ரவரி 22 மாலை, ஃப்ரீபோர்டு, அதாவது சுவர் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளி, போதாத நிலையில் இடிமழை பெய்து தண்ணீர் சுவரைத் தாண்டியது. 17 பேர் இறந்தார்கள். கனடாவின் மவுன்ட் பாலியில் 2014 ஆகஸ்ட் 4 அன்று, அடித்தரையில் கண்டுகொள்ளப்படாமல் கிடந்த பனியாற்றுக் காலக் களிமண் அடுக்கு வழுக்கியது. பிரேசிலின் ஃபுன்டாவோவில் 2015 நவம்பர் 5 அன்று, சுவரின் இடது ஓரம் நுண்சேற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. 19 உயிர்கள் போயின. மூன்றும் மூன்று வழி. புரூமாடின்யோவை மட்டும் காட்டி அனுப்பினால், எல்லா அணையும் அப்படித்தான் உடையும் என்று நம்பிக்கொண்டு திரும்புவார்கள்.

இன்னொரு ஜோடியும் அவசியம். ஆஸ்திரேலியாவின் கேடியாவில் 2018 மார்ச் 9 அன்று முதலில் விரிசல் தெரிந்தது, ஆட்களை அப்புறப்படுத்தினார்கள், மாலையில் சுவர் சரிந்தது, யாருக்கும் காயமில்லை. புரூமாடின்யோவில் கருவிகளும் இருந்தன, கண்காணிப்பும் இருந்தது, ஆனால் பொருட்படுத்தத்தக்க அசைவு எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை. இறுகி நிற்பதுபோல் இருந்து சட்டென்று முழு வலிமையையும் இழக்கும் சேறு அது. இப்படிப்பட்ட அணையில் "கருவி பார்த்துக்கொள்ளும்" என்று இருக்க முடியாது. முன்னெச்சரிக்கை கிடைக்கும் என்று எண்ணாமல், வடிவமைப்பிலேயே பாதுகாப்பு இருக்க வேண்டும். ஒரு நிர்வாகி ஐந்து நாளில் இந்த ஒன்றை உள்வாங்கினால் கொடுத்த பணத்துக்கு அது தகும்.

பட்டறைகளில் பொதுவாக ஏற்படும் குறை இது: மேசைப் பயிற்சியை, அதாவது "இரவு இரண்டு மணி, மழை, இன்னின்ன ரீடிங், இப்போது யார் யாரைக் கூப்பிடுவது?" என்ற ஒத்திகையை, கடைசி நாள் மதியத்துக்குத் தள்ளிவிடுவார்கள். நேரமாகிவிட்டது என்று அது அரைகுறையாக முடியும். முதல் நாளிலேயே வைத்தால் தங்களுக்குத் தெரியாதது என்ன என்பது அங்கிருப்பவர்களுக்கே விளங்கும்.

பல்கலைக்கழகச் சான்றிதழ், முதுநிலைப் படிப்பு

அணைக்கு நேரடிப் பொறுப்பேற்கும் பொறியாளருக்கும், வடிவமைப்பாளருக்கும் இதற்கு மாற்று இல்லை. மண் இயக்கவியல், நீர்ச் சமநிலை, அமில நீர் உருவாகும் வேதியியல், மூடுதல் திட்டம் எல்லாம் ஒரே பாடத்திட்டத்தில் வர வேண்டும்.

நல்ல பாடத்திட்டமா என்று பார்க்க ஒரு வழி: கோன் பெனட்ரேஷன் சோதனையின் உண்மையான தரவை மாணவர் கையில் கொடுக்கிறார்களா? 10 அல்லது 15 சதுர சென்டிமீட்டர் முனையை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் சேற்றுக்குள் இறக்கி, முனை எதிர்ப்பையும் பக்க உராய்வையும் நீரழுத்தத்தையும் தொடர்ந்து அளப்பார்கள். அதிலிருந்து, இந்த ஆழத்தில் உள்ள சேறு வெட்டுப்படும்போது சுருங்குமா, விரியுமா என்று சொல்ல வேண்டும். தளர்வாகப் படிந்து தண்ணீரில் ஊறிய சேறு சுருங்கப் பார்க்கும், சுருங்க இடமில்லாமல் நீரழுத்தம் ஏறும், வலிமை விழும். பாடநூல் வரைபடத்தில் இது அழகாகத் தெரியும். களத் தரவிலோ முனையின் வடிகட்டி சரியாக நீரில் ஊறாமல் போனதால் நீரழுத்தக் கோடு மந்தமாக நகரும். அந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பழகாத பட்டதாரி, ஆபத்தான அடுக்கை நல்ல அடுக்கு என்று எழுதிவிடுவார்.

குறை என்னவென்றால் காலம். வேலையோடு சேர்த்துப் படித்தால் ஒன்று, இரண்டு ஆண்டு ஓடிவிடும். அதுவரை அணை காத்திருக்காது.

அணைமேட்டில், மூத்தவர் பக்கத்தில்

தினமும் அணையில் நடப்பவர்களுக்கு, அதாவது பம்பு இயக்குபவர், ஸ்பிகாட் (சேற்றை அணைக்குள் விடும் குழாய்வாய்) மாற்றுபவர், ரீடிங் எடுப்பவர் ஆகியோருக்கு, முதல் பயிற்சி இங்கேதான். மற்ற மூன்றும் சொல்லித் தர முடியாததை இது தரும்.

அடிவாரத்தில் கசிவை அளக்கும் 90 டிகிரி வி-வடிவ வெட்டு ஒன்று இருக்கும். வெட்டின் அடியிலிருந்து தண்ணீர் 10 சென்டிமீட்டர் உயரத்தில் போனால் நொடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர். 13 சென்டிமீட்டர் ஆனால் 8.4 லிட்டர். மூன்று சென்டிமீட்டர்தானே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் கசிவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. அதோடு ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் வெறும் கசிவு. கலங்கி வந்தால் அணை உள்ளிருந்து அரிக்கப்படுகிறது, அப்போதே பொறியாளருக்குச் செய்தி போக வேண்டும்.

அணைக்குள் நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரும் அப்படித்தான். முனை 92.0 மீட்டர் மட்டத்தில், ரீடிங் 68.7 கிலோபாஸ்கல் என்றால், 9.81-ஆல் வகுத்தால் 7 மீட்டர். ஆக நீர்மட்டம் 99.0 மீட்டர். இதைக் காகிதத்திலேயே போட்டு எச்சரிக்கை மட்டத்தோடு ஒப்பிடப் பழக்க வேண்டும், ஏனென்றால் கணினி அட்டவணையில் முனை மட்டம் தவறாகப் பதிவாகியிருந்தால் அதன் பிறகு வரும் எல்லா எண்ணும் தவறு. மழை பெய்தும், குளம் ஏறியும், வாரக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டும் கருவி நிம்மதி தருவதுபோல் இருக்கும். பெரும்பாலும் அது செத்துப்போன கருவி.

இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு, அது சிறியதில்லை. மூத்தவரின் தவறும் சேர்ந்தே கைமாறும். "பத்து வருஷமா இங்க ஊறிட்டுதான் இருக்கு, ஒண்ணும் ஆகல" என்ற ஒரு வாக்கியம் புதியவரின் கண்ணை மூடிவிடும். ஆகவே களப் பயிற்சிக்கு வெளியாள் ஒருவர் வேண்டும். வடிவமைப்புக்குப் பொறுப்பான என்ஜினியர் ஆஃப் ரெக்கார்டு வருகிறபோது, ரீடிங் எடுப்பவரும் கூடவே நடந்து, கேள்வி கேட்க இடம் தர வேண்டும். தரநிலைப்படி அணையின் செயல்பாட்டு ஆய்வு குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அதைவிடப் பெரிய பாதுகாப்பு மறுஆய்வு, உடைந்தால் மிக அதிக விளைவு ஏற்படுத்தும் வகை அணைகளுக்கு ஐந்து ஆண்டுக்குள்ளும் மற்றவற்றுக்குப் பத்து ஆண்டுக்குள்ளும் நடக்க வேண்டும். இவற்றை அறிக்கைக்காக மட்டும் நடத்துவது வீண். இவையே ஆகச் சிறந்த வகுப்பறை.

அப்படியானால் எதைத் தேர்வது?

களப் பணியாளருக்கு அணைமேடு முதலில், சொற்களுக்காகச் சில மணி நேர ஆன்லைன் பின்னால், அதுவும் அவர் பேசும் மொழியில். நிர்வாகிக்குப் பட்டறையும் ஆண்டுதோறும் ஒரு மேசை ஒத்திகையும். பொறுப்புப் பொறியாளருக்குப் பல்கலைக்கழகம், கூடவே அணையில் குறைந்தது ஒரு முழு மழைக்காலம். இரண்டில் ஒன்று மட்டும் இருப்பவரிடம் அணையைத் தனியாக ஒப்படைப்பது சரியில்லை. எல்லோரையும் ஒரே இரண்டு நாள் வகுப்பில் உட்காரவைத்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதுதான் அதிகம் நடக்கிறது, பயனும் அதில்தான் மிகக் குறைவு.

எந்தப் பயிற்சியை முடித்தவருக்கும் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். குளத்தோடு சேர்த்து நீர்ப்பிடிப்பு 40 ஹெக்டேர், குளத்தின் பரப்பு 12 ஹெக்டேர். ஒரே நாளில் 120 மில்லிமீட்டர் மழை, அத்தனையும் குளத்துக்கு வருகிறது. சுவர் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடைவெளி 1.1 மீட்டர், குறைந்தது 0.8 வேண்டும். வந்த தண்ணீர் 48,000 கனமீட்டர், குளம் 0.4 மீட்டர் ஏறும், மிஞ்சுவது 0.7 மீட்டர். 0.8 மீட்டர் எல்லைக்குத் திரும்ப 12,000 கனமீட்டரை இறைக்க வேண்டும். பம்பு மணிக்கு 200 கனமீட்டர் என்றால் இரண்டரை நாள் என்று பலர் எழுதுவார்கள். ஆலை ஓடிக்கொண்டே இருக்கிறது. சேற்றோடு மணிக்கு 150 கனமீட்டர் தண்ணீர் குளத்தில் சேர்கிறது. உண்மையில் குறைவது மணிக்கு 50 மட்டுமே. ஆக, பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஆலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவருடைய தொலைபேசி எண் இயக்கக் கையேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை.