தேரிக்காடு போக வாடகைக்கு கார் எடுத்தோம், இந்தக் கடையப் பத்தி என் ரிவ்யூ

கோடை லீவுக்கு பாலைவனம் பாக்கணும்னா ராஜஸ்தானுக்குத்தான் டிக்கெட் போடணும்னு இல்லங்க. நம்ம மதுரையில விடியக்காலம் கிளம்புனா காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு திருச்செந்தூர் பக்கத்துல தேரிக்காட்டுக்குள்ள நிக்கலாம், செக்கச்செவேல்னு மணல்மேடு மேல மணல்மேடா கெடக்கும். ஆனா அங்கிட்டெல்லாம் பஸ்ஸ நம்பிப் போனா உச்சி வெயில்ல ரோட்டோரம் நிக்க வேண்டியதுதான், கைக்குழந்த பெரியாளுன்னு கூட்டிட்டுப் போறவங்களுக்கு அது ஆகாது. அதனாலதான் பைபாஸ் ரோட்டுல இருக்குற இந்த செல்ஃப் டிரைவ் கடையில ஏழு சீட்டு வண்டி ஒண்ணு எடுத்தோம், சனி ஞாயிறுக்கு. எங்க அக்கா, அத்தான், பிள்ளைக, அப்பத்தா எல்லாம் சேந்து ஏழு பேரு.

மொதல்ல கடையில எனக்குப் பிடிச்சது நம்பர் பிளேட்டு. சிரிக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். செல்ஃப் டிரைவுக்கு விடுற வண்டின்னா கருப்பு பிளேட்டுல மஞ்ச எழுத்து இருக்கணும். ஊர்ல பாதிப் பேரு வீட்டுக்கு வாங்குன வெள்ள பிளேட்டு வண்டியவே வாடகைக்கு விடுறாங்க, முந்நூறு நானூறு கம்மியாத்தான் கேப்பாங்க, ஆனா நடுவழியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க வாடகைக்கு ஓட்டுன வண்டின்னு சொல்லி கைய விரிச்சுருவாங்க, அப்புறம் மொத்தமும் நம்ம தலையிலதான். பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறப்ப அந்த முந்நூறு ரூபாய மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீங்க.

ரெண்டாவது, கடைக்கார அண்ணன் சாவி குடுக்குறதுக்கு முன்னாடி கேட்ட கேள்வி. "எங்கிட்டுப்பா போறீங்க?"ன்னாரு. தேரிக்காட்டுக்குண்ணேன்னு சொன்னதும் மனுஷன் முகமே மாறிருச்சு. "ரோட்டோட நிறுத்திக்கப்பா, மண்ணுக்குள்ள மட்டும் எறக்கிறாத, இது முன்வீல் இழுக்குற வண்டி, பொதஞ்சுச்சுன்னா நீ ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க கீழதான் போகும்"னு சொல்லிட்டு உள்ள போயி ரெண்டு சணல் சாக்கு எடுத்துட்டு வந்து டிக்கியில போட்டாரு, ஒருவேள மாட்டுனா வீலுக்கு அடியில குடுத்து வண்டிய மெல்ல எடுக்கணுமாம். எங்களுக்கு அது தேவப்படல. ஆனாலும் வாடகை வாங்குனமா சாவிய விட்டெறிஞ்சமான்னு இல்லாம வண்டி எங்க போகுது யாரு போறான்னு யோசிச்சு ஒரு சாக்கு எடுத்து வைக்கிற ஆளு கிட்டதான் நான் வண்டி எடுப்பேன், இந்த ரிவ்யூ எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

டயர் காத்தும் முன்னாடியே பாத்துட்டாரு. வெயில் காலத்துல காத்த கொறச்சு வைக்கணும்னு நம்ம ஆளுக நெறைய பேரு நம்புறாங்க, அது தப்பு. காத்து கம்மியானா டயரோட பக்கவாட்டு மடங்கி மடங்கி இன்னும் சூடேறும், லோடோட நாலு வழிச்சாலையில ஓடும்போது அப்பதான் வெடிக்கும். டிரைவர் பக்கக் கதவ திறந்தா ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டிருக்கும், அதுல போட்டுருக்குற அளவுதான் கணக்கு, அதையும் வண்டி ஓடி சூடாகுறதுக்கு முன்னாடி பாக்கணும். கூலண்ட், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாத்தையும் நம்ம கண்ணு முன்னாடி காட்டிட்டு வண்டிய சுத்தி வீடியோ எடுத்துக்கச் சொன்னாரு, ஏற்கனவே இருந்த கீறலெல்லாம் அதுல பதிஞ்சுருச்சு.

வாடகை நாளைக்கு 3,200. ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் தாண்டுனா கிலோமீட்டருக்கு 9 ரூபா, அட்வான்ஸ் 5,000. நாங்க போயிட்டு வந்தது மொத்தமே 450க்கு பக்கம், அதனால எக்ஸ்ட்ரா எதுவும் வரல. டீசலு 2,500 ரூபா சொச்சம், டோலையும் சேத்தா தலைக்கு 1,400க்குள்ள முடிஞ்சுருச்சு, சாப்பாடு ரூமு தனி.

இனிமே ரூட்டு. நாலு மணிக்கு கிளம்பி எலியார்பத்தி டோல், அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம்னு தூத்துக்குடி ரோட்டப் பிடிச்சோம். வெளிச்சம் வர்ற நேரத்துல ரெண்டு பக்கமும் கரிசக்காடு, கோடையில பாளம் பாளமா வெடிச்சு கெடக்குது. தூத்துக்குடி தாண்டி திருச்செந்தூர் ரோட்டுல திரும்புனதும் உப்பளம், பாத்தி பாத்தியா வெள்ளையா. உப்பு விளையுறதுல நாட்டுல குஜராத்துக்கு அடுத்து நம்ம தமிழ்நாடுதான், அதுலயும் பெரும்பங்கு இந்தத் தூத்துக்குடிப் பக்கந்தான். அந்நேரத்துக்கே ஆளுக வேலையில நிக்கிறாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள வாரிப் போடணும்னு. பிள்ளைகள எறக்கி அவங்க வேலையக் கெடுக்காம ரோட்டோரத்துல இருந்தே காட்டுனேன். அதத் தாண்டி காயாமொழிப் பக்கம் போனா மண்ணு செவப்பு. கருப்பு, வெள்ள, செவப்புன்னு ஒரே காலையில மூணு பூமிய வண்டிக்குள்ள உக்காந்தபடியே பாத்துறலாம், இந்த அழகுக்காகவே இந்த ரூட்டுல போகணும்.

தேரியப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நெறைய பேரு வந்து நாலு போட்டோ எடுத்துட்டு போயிர்றாங்க. அந்தச் செவப்பு நெறம் மண்ணுல இருக்குற இரும்பால வர்றது, மணல் ஒவ்வொண்ணு மேலயும் துருப் பிடிச்ச மாதிரி படிஞ்சுருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து அந்தப் பக்கம் மலையில மழையக் கொட்டிட்டு இந்தப் பக்கம் வெறுங்காத்தா வீசும்ல, அது உள்நாட்டு செம்மண்ண அள்ளிட்டு வந்து கடலோரமாப் பாத்து கொட்டிக் கொட்டியே இந்த மேடெல்லாம் உண்டாச்சுன்னு சொல்றாங்க, ஆயிரக்கணக்கான வருஷ வேல. மழ பேஞ்சா தண்ணி நிக்காது, அப்படியே உறிஞ்சிரும், பனையும் முந்திரியும் உடைமரமும்தான் அந்த மண்ண பறக்காம பிடிச்சு வச்சுருக்கு. 1956ல சாய்னர், ஆல்ச்சின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இந்தத் தேரிகள்ல கெடைக்கிற நகத்தளவு கல்லாயுதங்களப் பத்தி எழுதிருக்காங்க, கற்காலத்து ஆளுக இங்க வேட்டையாடித் திரிஞ்சுருக்காங்க. அதனால கல்லு ஏதாவது கண்ணுல பட்டா எடுத்து பையில போடாதீங்க, பிள்ளைககிட்டயும் சொல்லி வைங்க. பீர் பாட்டில ஒடச்சுப் போட்டுட்டுப் போறவங்களப் பத்தி என்ன சொல்றது, பாக்கவே வயித்தெரிச்சலா இருந்துச்சு, அந்த மண்ணுல வெறுங்காலோட நடந்து கோயிலுக்கு வர்ற சனம் எவ்வளவு!

ஒன்பது மணிக்கு மேல மண்ணு கால் வைக்க விடாது, செருப்பில்லாம எறங்காதீங்க. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில்ல சாமி கும்பிட்டோம், கார்த்திகையில இங்க நடக்குற கள்ளர்வெட்டு திருவிழாவுல சனம் இந்தச் செவப்பு மண்ண அள்ளி வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டு போவாங்க. மதியத்துக்கு மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுத்தி வறண்ட தேரியா கெடக்க நடுவுல ஒரு சுனை, மரம், நிழல். எங்க அப்பத்தா அங்கிட்டிருந்து எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க, "ஏத்தா, இத விட்டுட்டு அந்தக் காருக்குள்ள போயி வேகணுமா"ன்னு.

அப்பத்தா சொன்னதுலதான் வண்டியோட ஒரே கொறையும் இருக்கு. மூணாவது சீட்டுக்கு ஏசி எட்டல. முன்னாடி எங்களுக்கு ஜில்லுன்னு இருக்கு, பின்னாடி உக்காந்த பிள்ளைக ரெண்டும் வேர்த்து ஊத்துதுக. மேல ஏசி வென்ட்டு இருக்கு, ஆனா அதுல காத்து சரியா வரல, சர்வீஸ் பாக்காம விட்டுருக்காங்கன்னு தெரியுது. மே மாசத்துல வண்டி விடுற கடை இதப் பாத்துருக்கணும். திரும்ப விடும்போது சொன்னேன், மறு பேச்சு பேசாம நோட்டுல எழுதிக்கிட்டாங்க, அதோட 300 ரூபா கொறச்சுக்கிட்டாங்க.

சாயங்காலம் மணப்பாடு. மணல்குன்று மேல 1581ல கட்டுன திருச்சிலுவைக் கோயில், கீழ கடல், 1542ல பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்குன குகையும் அங்கதான். வழியில உடன்குடியில கருப்பட்டி வாங்குங்க, ஆனா ரோட்டுமேல பளபளன்னு அடுக்கி வச்சுருக்குற கடையில வாங்காதீங்க, சீனி கலந்தது நெறைய ஓடுது, உள்ளூர்க்காரங்க யாரையாவது கேட்டு காய்ச்சுற எடத்துலயே வாங்குறது நல்லது. சீசன்ங்கிறதால பதனியும் நுங்கும் பனையோலைப் பட்டையில கெடச்சுச்சு, வெயிலுக்கு அதத் தாண்டி ஒண்ணும் வேணாம்.

ராத்திரி திருச்செந்தூர்ல ரூம் போட்டோம். வைகாசி விசாகத்த ஒட்டி மட்டும் போயிராதீங்க, ரூமும் கெடைக்காது வண்டி நிறுத்தவும் எடம் இருக்காது. மறுநாள் திரும்பும்போது ஆதிச்சநல்லூர், தோண்டுன குழியிலயே முதுமக்கள் தாழிகள அப்படியே விட்டு மேல கண்ணாடி போட்டுருக்காங்க, மேல நின்னு கீழ பாக்கலாம், பிள்ளைக ஆன்னு வாயப் பொளந்துட்டு நின்னதுக. அப்புறம் திருநெல்வேலி போயி நாலு வழிச்சாலை, கோவில்பட்டியில கடலமிட்டாய், கப்பலூர் டோல், வீடு.

வண்டிய விடும்போது உள்ள பூராம் செவப்பு மண்ணு. சில கடைகள்ல க்ளீனிங் சார்ஜுன்னு 500, 1,000 பிடிப்பாங்க, எனக்கே வேற எடத்துல நடந்துருக்கு. இங்க கால்மிதிய மட்டும் தட்டிக் குடுக்கச் சொன்னாங்க, வீடியோவப் பாத்து கீறல் ஒத்து வந்துச்சு, அட்வான்ஸ் அங்கனயே ஜிபேல வந்துருச்சு, டோல் காச மட்டும் ஃபாஸ்டேக் மெசேஜ காட்டி கழிச்சுக்கிட்டாங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒண்ண கொறச்சது பின்சீட்டு ஏசிக்கு, அத சரி பண்ணிட்டா திரும்ப வந்து அஞ்சாக்கிருவேன். ஏழு பேரா போறவங்க புக் பண்ணும்போதே கடைசி சீட்டுல உக்காந்து ஏசியப் போட்டுப் பாத்துட்டு எடுங்க, நாலஞ்சு பேருன்னா சின்ன வண்டியே போதும், அது நாளைக்கு 1,000 ரூபா கம்மி. லீவு நாள் சனி ஞாயிறுக்கு பத்து நாளைக்கு முன்னாடியே சொல்லி வச்சுருங்க, லைசென்ஸ் ஒரிஜினல் கொண்டு போங்க, சாக்கு கேட்டு வாங்கிக்கோங்க.