நிழலில் புல்லா, பாசியா?

மரத்தடியிலும் சுவரோரத்திலும் புல் மெலிந்து, மண் தெரிந்து, பாசி படர்ந்து கிடக்கும் புல்தரைக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாசியைக் கொல், விதை தூவு, பாய் போலச் சுருட்டி விற்கும் ரோல் புல்லைப் பதி, இல்லையென்றால் புல்லையே மறந்துவிடு. நான்கையும் எடைபோடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த இடத்தில் நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். முடிவில் பாதி அதிலேயே வந்துவிடும்.

முதலில் பாசிக்கொல்லி. இதில் அதிகம் புழங்குவது அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் சில நாட்களில் பாசி கறுத்துப்போகும். பிறகு ரேக்கால் வாரிவிடலாம். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் பாசியைக் கொஞ்சம் கிள்ளிப் பாருங்கள், தகடாக உரிந்து கையோடு வந்துவிடும். அதற்கு உண்மையான வேரே கிடையாது, பிடித்துக்கொள்ள மெல்லிய நார்கள் மட்டும்தான். அது புல்லை நெரித்துக் கொல்வதில்லை. புல் போன இடத்தில் குடியேறுகிறது. நிழலும் ஈரமும் இறுகிய மண்ணும் அப்படியே இருந்தால் திரும்பி வரத்தான் செய்யும். சிறிய திட்டுக்கு மருந்தே வேண்டாம், ரேக் போதும். பெரிய பரப்பென்றால் அன்னபேதி உதவும், அதுவும் பின்னாலேயே விதைப்பதாக இருந்தால் மட்டும். சிமெண்டிலோ கல்லிலோ பட்டால் துருக்கறை விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசி என்றதும் சுண்ணாம்பைக் கொட்டுகிறவர்களும் உண்டு. சுண்ணாம்பு பாசியைக் கொல்லாது, மண்ணின் புளிப்பைத்தான் குறைக்கும். மண்ணைச் சோதித்து, அமிலத்தன்மை அதிகம் என்று தெரிந்தால் போடலாம்.

அடுத்தது விதையா, ரோல் புல்லா? உண்மையான போட்டி இங்கேதான். ரோல் புல் ஒரே நாளில் பச்சையாக்கிவிடும், சேற்றுத் தொல்லை தீரும். ஆனால் அது பெரும்பாலும் திறந்த வெளியில், முழு வெயிலில் வளர்ந்த புல். நிழலில் பதித்தால் முதலில் நன்றாகவே இருக்கும். பிறகு மெல்ல மெல்ல மெலிந்து பழைய கதைக்கே வந்துவிடும். விதையில் பொறுமை வேண்டும், பறவைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனாலும் நிழல் தாங்கும் ரகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் என் ஓட்டு விதைக்கே. குளிர்ப் பிரதேசமென்றால் மெல்லிய இலை ஃபெஸ்க்யூ ரகங்கள் சரிவரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அவற்றுக்கும் ஆகாது. வெப்பமான இடங்களில் அகன்ற இலை கார்பெட் புல்லோ செயின்ட் அகஸ்டின் புல்லோ போடலாம். இவற்றைப் பெரும்பாலும் விதைப்பதைவிடத் துண்டுகளாக நடுவதே வழக்கம். அருகம்புல் வகைகள் வெயில் பிரியர்கள், நிழலில் நிற்காது.

எதைப் போட்டாலும் மண்ணைச் சரிசெய்யாமல் போட்டால் காசுதான் வீண். ஈரமாக இருக்கும்போது ஒரு ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கவில்லை என்றால் மண் இறுகியிருக்கிறது. கார்டன் ஃபோர்க்கால் சுமார் 10 செ.மீ. ஆழத்துக்கு நெருக்கமாகக் குத்தி, மேலே மட்கிய உரத்தை மெல்லிதாகப் பரப்பி, அப்புறம் விதையுங்கள். பாசியின் மேலேயே தூவிய விதை மண்ணைத் தொடாது, முளைத்தாலும் வேர் பிடிக்காது. மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும். வளர்ந்த பிறகு ஒட்ட வெட்டவே கூடாது. ஃபெஸ்க்யூ மாதிரி புல்லை 7, 8 செ.மீ. உயரத்தில் விட்டு வெட்டுங்கள். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வாங்க அதற்கு இலை வேண்டும். நிழலில் தழைச்சத்தை அள்ளிப் போடுவதும் ஆகாது, இலை கொழுத்து நோய்தான் வரும். தண்ணீரைக் காலையிலேயே விட்டுவிடுங்கள்.

இத்தனையும் ஏறக்குறைய நான்கு மணி நேர வெயிலாவது கிடைக்கும் இடத்துக்குத்தான். அதற்கும் குறைவென்றால் நான் புல்லோடு போராட மாட்டேன். குட்டை மாண்டோ, அஜுகா போன்ற படர் செடிகள் நிழலில் நன்றாக வரும். மாண்டோவைப் பார்த்தால் புல் போலவே இருக்கும், வெட்டுகிற வேலையும் இல்லை. தண்ணீர் தேங்குகிற பள்ளமாக இருந்தால் மட்டும் முதலில் வடிகால் வேண்டும்.

நான்காவது வழிக்கு இன்னொரு முகமும் உண்டு: பாசியையே தரையாக வைத்துக்கொள்வது. ஜப்பானின் கியோட்டோவில் சைஹோஜி கோயில் தோட்டம் பாசிக்காகவே பேர் பெற்றது. அங்கே பாசி யாரும் திட்டமிட்டு வளர்த்ததல்ல, கவனிப்பு குறைந்த காலத்தில் தானாகப் படர்ந்தது. உரம் வேண்டாம், வெட்ட வேண்டாம், நிழலும் ஈரமும் பாசிக்கு ஒரு குறையே அல்ல. நடமாட்டம்தான் ஆகாது. குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்துக்கு இது சரிப்படாது. நடைபாதைக்கு மட்டும் தட்டைக் கற்கள் பதித்துக்கொள்ளலாம். உதிர்ந்த இலைகளை மென்மையான துடைப்பத்தால் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும், மூடிக் கிடந்தால் பாசியும் அழுகிவிடும்.